தொட்டி மண்ணும் வீட்ஸ்கேயின் தலைவலியும்

ஹார்லிங்கன்,
ஞாயிறு மதியம்

மரியாதைக்குரிய பவ்க்யே அக்காவுக்கு,

உன் தம்பி ஹாயே எழுதுவது. இங்கே நானும் வீட்ஸ்கேயும் நலம். வழக்கமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும். இந்த முறை யோசித்து, பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன். அங்கே மாஸ்ட்ரிக்டில் நீயும் அத்தானும் அத்தானின் மூட்டுவலியும் எப்படி இருக்கிறீர்கள்?

போன கடிதத்தில் நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தலையில் ஒன்றும் இல்லை. இதே வார்த்தைகளில் அவளிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், நீ போனில் பேசும்போது வேறு மாதிரி சொல். தலையைப் படம் எடுக்க ஆஸ்பத்திரியில் தேதி வாங்கி வைத்திருந்தோமே, அது இனி வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். குளிர்காலம் முழுக்க அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், சமைத்துக்கொண்டே இருக்கும்போது கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். எனக்கு என்னென்ன எண்ணம் வந்தது என்பதை மட்டும் நான் எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் போலிருந்தது. கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணம் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கேஸ் கீசர். அதைக் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை அக்கா, மீன் தொட்டியில் நான் போட்ட மண். சிரிக்காமல் மேலே படி.

கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் சமையலறையில் போய் நின்றுகொண்டு, படகுக்காரர்களுக்குச் சொல்கிற மாதிரி “இப்ப திருப்பு, இப்ப நிறுத்து” என்று வீட்ஸ்கேயின் கரண்டிக்கு உத்தரவு போட ஆரம்பித்தேனாம். அவள் எனக்குச் சமையலறையில் தடை விதித்து, யாரோ தூக்கிப் போடவிருந்த ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, “இதுல செடி வளத்துக்கோ, மீன் வளத்துக்கோ, என்னவோ பண்ணு, என் பின்னாடி நிக்காதே” என்றாள். செடி என்றால் வேர் வேண்டும், வேர் என்றால் அடியில் மண் வேண்டும், எந்த மண் என்று கேட்கப் போனதில்தான் என் நிம்மதி போயிற்று. நான் அதற்குள் கடற்கரையிலிருந்து வாளி வாளியாக மணல் அள்ளி வந்துவிட்டேன். அதைப் பார்த்ததும் எங்கள் ஊர் மீன் தொட்டிச் சங்கத்தின் செயலாளர் கெர்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். “அண்ணே, இது பூரா கிளிஞ்சல் பொடி. சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணி கடினத் தண்ணியாயிடும், செடி பாவம். நம்பலைன்னா வினிகர் ஊத்திப் பாருங்க. பொங்குச்சுன்னா கொண்டு போய்க் கடல்லயே கொட்டிடுங்க.” ஊற்றினேன். சூடான சட்டியில் வெண்ணெய் போட்ட மாதிரி சீறிப் பொங்கியது. இது மணலின் குறையா வினிகரின் குறையா என்ற சந்தேகத்தில் பாட்டில் முழுவதையும் ஊற்றிப் பார்த்துவிட்டேன். அது ஹெர்ரிங் மீன் ஊறப்போட வைத்திருந்த வினிகர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிவிக்கப்பட்டது, சத்தமாக.

பிறகு கட்டடச் சாமான் கடையில் ஆற்று மணல் வாங்கி, அதில் வினிகர் பொங்காததைப் பார்த்துப் பூரித்துக் குளியலறையில் வைத்துக் கழுவினேன். ஆற்று மணலுக்குத் தண்ணீரோடு கீழே போகத்தான் ஆசை என்பது குழாய் அடைத்த பிறகே புரிந்தது. பாதி மணல் குழாயிலும் மீதி என்னோடுமாகத் தோட்டத்துக்குத் துரத்தப்பட்டேன். மணல் வெறும் போர்வைதான், செடிக்குச் சாப்பாடு அதற்குக் கீழே போடுகிற மண்ணில்தான் இருக்கிறது என்று கெர்பன் சொல்லியிருந்தான். ஆகவே தோட்டத்து மண்ணைச் சலித்து, வாய்க்கால் களிமண்ணைப் பிசைந்து சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து, மிதக்கிற குப்பையை வடித்துக் கொட்டி, காயவைத்து, மறுபடி ஊறவைத்து, இப்படியே குளிர்காலம் கழிந்தது. கேக் சுடும் தட்டுகளில் பரப்பி வெயிலில் வைத்தேன் (வெயில் என்று நான் சொல்வது நம் ஊர் வெயிலை). பக்கத்து வீட்டு ஆஃப்கேயின் பூனை வந்து, இந்த உலகத்தில் தனக்கும் ஒருவன் மரியாதை செய்கிறான் என்கிற முகத்தோடு அதில் உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டுப் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் மண்ணைத் தொட்டியில் போட்டபோது, மெல்லிசாகப் போடுங்கள் என்று கெர்பன் சொன்னதை மறந்து, நல்லது நிறைய இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று பின்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு அமுக்கி அமுக்கி நிரப்பினேன். மேலே மணல். தண்ணீர் விடும்போது ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் மெதுவாக விட வேண்டுமாம். நான் ரப்பர் குழாயை நேராகப் பிடித்தேன். அன்று கூடத்தில் கண்ணாடிப் பெட்டி நிறையக் காப்பி இருந்தது. அது மெல்ல மெல்லத் தெளிந்ததும் நாடா மாதிரி இலை விடுகிற செடிகளை நட்டேன். பச்சை பிடித்தது அக்கா. ஒரு நாள் வீட்ஸ்கே தலைவலியோடு வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, “இதைப் பாக்கறப்ப மட்டும் கொஞ்சம் தேவலாம் போலிருக்கு” என்றாள். கூடத்தில் கீசர் இல்லை என்பதுதான் அந்த மகிமைக்குக் காரணம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அவள் பிறந்தநாளைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக் கைகொடுத்து முடித்து, கேக்கும் காப்பியும் கொடுத்து உட்காரவைத்திருந்தேன். கெர்பன் மட்டும் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். “அண்ணே, மண்ணு ரொம்ப இறுகிக் கிடக்கு. உள்ள காத்து அடைபட்டிருக்கும். ஒரு கம்பியால லேசா குத்தி விடுங்களேன்.” வீட்ஸ்கேயின் பின்னல் ஊசிதான் கைக்குக் கிடைத்தது. குத்தினேன். ஒரு தேங்காய் அளவுக்குக் குமிழி எழும்பி வந்து மேலே வெடித்தது. நூறு அழுகிய முட்டைகளை ஒரே நேரத்தில் உடைத்தது போல நாற்றம். ஆஃப்கே கேக்கோடு எழுந்து நின்று, “ஐயோ கேஸு! கேஸ் லீக் ஆகுது! யாரும் விளக்கைத் தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டே தன் வீட்டுக்கு ஓடிப் போன் செய்துவிட்டாள். “அது கேஸ் இல்லம்மா, என்னோட மண்ணு!” என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. விருந்தாளிகள் எல்லோரும் தட்டும் கையுமாகத் தெருவில், கடல் காற்றில்.

கேஸ் கம்பெனியிலிருந்து ரிக்ஸ்ட் என்றொரு பெண் கையில் ஒரு கருவியோடு வந்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு, “வீணா அலைய விட்டுட்டோம்மா. வெறும் சேறு” என்றேன். “இருக்கட்டும் சார். வந்த வேலையைப் பாத்துட்டுப் போயிடறேன், வழி விடுங்க” என்றாள். தொட்டியை மோந்து பார்த்துச் சிரித்தாள். “வந்தது வந்தேன், கீசரையும் ஒரு பார்வை பாத்துடறேன்” என்று சமையலறைக்குள் போய் வெந்நீரைத் திறந்து விட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கருவி அலற ஆரம்பித்தது. அவள் கீசரை அணைத்து, சன்னலை எல்லாம் திறந்துவிட்டு வாசலுக்கு வந்தபோது சிரிப்பு போயிருந்தது.

“வீட்டுல யாருக்காவது தலைவலி, தலைசுத்தல் இருக்கா?”

வீட்ஸ்கேதான் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி. “எனக்கு. குளிர்காலத்துலேருந்து.”

“சன்னலைச் சாத்திட்டுத்தான் சமைப்பீங்களா?”

“குளிருதே, பின்ன என்ன பண்றது?”

புகைபோக்கிக்குள் ஏதோ காக்கைகள் சுள்ளியும் கம்பளி நூலுமாகக் கூடு கட்டி, வழியை அடைத்துவிட்டிருந்தன. கீசரின் புகை வெளியே போகாமல் வீட்ஸ்கே மேலேயே திரும்பி வந்திருக்கிறது. “இந்த விஷப் புகைக்கு வாசனையே கிடையாது சார்” என்றாள் ரிக்ஸ்ட். “அந்த நாத்தம் அடிக்காட்டி என்னை ஏன் கூப்பிட்டிருக்கப் போறீங்க? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தா...” அவள் முடிக்கவில்லை. முடிக்காததற்கு அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை நானும் வீட்ஸ்கேயும் தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் கேக்கை வைத்துக்கொண்டு, “நான் செத்துப் போயிடுவேன்னே நினைச்சேன் ஹாயே” என்றாள். “உனக்குச் சட்டை இஸ்திரி போடக் கத்துக் குடுத்துட்டுப் போயிடணும்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

“எனக்குத்தான் போடத் தெரியுமே” என்றேன், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். “தெரியுமா? அப்ப இத்தனை வருஷமா?” வண்டி வரும் வரைக்கும் அந்த விசாரணைதான் நடந்தது. நான் அப்படிச் சந்தோஷமாகத் திட்டு வாங்கியதே இல்லை.

டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், வேறு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் நெற்றியைத் தொடவே இல்லை. பழைய கீசர் போயிற்று. புதிதாக வந்ததற்குப் பக்கத்தில், விஷப் புகை வந்தால் கத்துகிற பெட்டி ஒன்றும் மாட்டியாயிற்று. கெர்பன் பாதி மண்ணை எடுத்துவிட்டான். தொட்டி கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது, நாற்றமும் இல்லை. இனி அந்த அடிமண்ணில் ஒரு பருக்கையைக்கூட யாரும் அசைக்கக்கூடாது என்று நாங்கள் இருவரும் ஒரே மனதாகத் தீர்மானித்துவிட்டோம். வீடும் பளிச்சென்று இருக்கிறது. ஆகவே அடுத்த மாத விடுமுறைக்கு நீயும் அத்தானும் கட்டாயம் வர வேண்டும். தொட்டிக்கு எதிரிலேயே உங்களுக்குப் படுக்கை.

அத்தானுக்கு என் வணக்கம். நான் சின்னவன், உனக்கு ஆசி சொல்ல எனக்கு வயது போதாது. உன்னுடையதை வீட்ஸ்கேக்கு அனுப்பி வை, கொஞ்சம் மீந்தால் எனக்கும்.

உன் பிரியமுள்ள தம்பி,
ஹாயே

பி.கு.: வர வேண்டாம். தபால்தலை தேடி மாடிக்குப் போய் வருவதற்குள் வீட்ஸ்கே தொட்டியைக் காலி செய்துவிட்டாள். “பின்பக்கம் உசரம் பத்தலை ஹாயே, முன்னாடி சரிவு இன்னும் வேணும், நீ போட்டதெல்லாம் ஒரு மண்ணா?” என்கிறாள். செடிகள் குளியல் தொட்டியில், களிமண் உங்களுக்காக விரித்திருந்த படுக்கையில். முழங்கை வரை சேறோடு, தெருவுக்கே கேட்கும்படி, சுருதி சேராமல் பாடிக்கொண்டிருக்கிறாள். “அக்காவை வர வேண்டாம்னு எழுதறேன்” என்று மட்டும் குரல் கொடுத்தேன். இதோ, தோட்டத்திலிருந்து கத்துகிறாள்: “அண்ணியை யாரு வர வேணாம்னு சொன்னது? வரச் சொல்லு! வர்றப்ப அவங்க ஊர் மாஸ் ஆத்துலேருந்து ரெண்டு மூட்டை சரளை அள்ளிக்கிட்டு வரச் சொல்லு!” அத்தானின் மூட்டுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்த்து எழுது.