பச்சை அட்டை, மஞ்சள் அட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும், மரியாதைக்காகக் கேட்கிறேன், மாமாவின் நலமும் அறிய ஆவல். உன்னோடு பேசுவதில்லை என்ற என் முடிவில் மாற்றமில்லை. அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். நீயும் சின்ன வகுப்பு டீச்சர் என்பதால் ஒரே ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகுப்புக்கு இந்த வாரம் என்ன பாடம் தெரியுமா? உண்மை எது, கருத்து எது என்று பிரித்துப் பார்ப்பதாம். உண்மைக்குப் பச்சை அட்டை, கருத்துக்கு மஞ்சள் அட்டை. என் மகள் வாண்டு இரண்டையும் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள். "இந்த வீட்ல நான் ஒருத்திதான் வேலை செய்றேன்" என்று அவள் அம்மா ஆரம்பித்தாள். உடனே மஞ்சள். நான் சிரித்துவிட்டேன். "அப்பா சிரிச்சது பச்சை" என்றாள். அன்று எனக்கு ஆறிப்போன சாப்பாடுதான். சரி, வீட்டோடு போகட்டும் என்றால் பள்ளி விட்டதும் நேரே என் ரிப்பேர் கடைக்கு வந்து உட்கார்ந்துக்கறா. ஒரு அம்மா மிக்சி கொண்டு வந்தாங்க. "கவலையே படாதீங்க, நாளைக்கே ரெடி"ன்னேன். தூக்கிட்டா மஞ்சளை! "ஏன் பாப்பா?"ன்னு அந்தம்மா கேட்க, "போன வாரம் வந்தவங்ககிட்டயும் நாளைக்குன்னுதான் சொன்னாரு"ன்னு பச்சையையும் தூக்கறா. அந்தம்மா மிக்சியை இடுக்கிக்கிட்டு போயே போயிட்டாங்க.

நேத்து சாப்பிடறப்ப வந்துச்சு பாரு வினை. "அத்தை ஏம்ப்பா நம்ம வீட்டுக்கு வர்றதே இல்ல?"ன்னு கேட்டா. உன் வாஷிங் மெஷினை நான் ரிப்பேர் பார்த்ததையும், அது குதிச்சுக் குதிச்சு ஹால் வரைக்கும் நடந்து வந்து மாமா காலடியில நின்னதையும், "உன் தம்பி கை வச்சா பீரோவே நடக்கும்"னு மாமா எல்லார் முன்னாடியும் சிரிச்சதையும், நான் கோவிச்சுக்கிட்டு வந்ததையும் சொன்னேன். நிறுத்தி நிறுத்தி அட்டை போட்டா. மெஷின் நடந்துச்சா, பச்சை. மாமா சிரிச்சாரா, பச்சை. மாமாவுக்குத் திமிர்னேன், மஞ்சள். நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சே, உனக்கு நான் முக்கியமே இல்லைன்னேன், அதுக்கும் மஞ்சள். "சிரிப்பு வந்தா சிரிக்கத்தானேப்பா செய்வாங்க?"ங்கறா. நான் கேட்க வந்த சந்தேகம் இதுதான்: அடுத்த வாரமாவது பெருக்கல் கணக்குக்குப் போவாங்களா, அதை மட்டும் எழுது. மத்தபடி நீ வராததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
கோபம் தீராத தம்பி

பி.கு.: உறையில் போடப்போன கடிதத்தை வாண்டு பிடுங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஒரு வருத்தமும் இல்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இது உண்மையும் இல்ல, கருத்தும் இல்ல. பொய்ப்பா. பொய்க்கு எங்க மிஸ் அட்டையே குடுக்கல." அதனால அக்கா, வர்ற ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கிட்டு வந்து சேரு. மெஷின் இன்னும் நடக்குதுன்னா அதையும் அப்படியே நடத்திக் கூட்டிட்டு வா.