பத்து வாக்கியங்களும் பொய்

"என் காரு ஒவ்வொரு திங்கக்கிழமையும் வழியில நின்னுடுதாமே! உனக்கு யாரு சொன்னா, நோலா?"

வாசலில் மார்ஜ் நின்றிருந்தாள். கையில் மண்டூரா ஊர்ச் செய்தி மடல். அதன் நான்காம் பக்கத்தில், 'நல்ல நிலையில் உள்ள கார் விற்பனைக்கு' என்று அவளே கொடுத்த விளம்பரம். ஐந்தாம் பக்கத்தில், அங்கே இருக்கவே கூடாத ஒரு தாள்.

நோலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுடைய தாள்தான். வியாழக்கிழமை ஆங்கில வகுப்புக்காக அவளே தட்டச்சு செய்தது.

"இது பாடம், மார்ஜ். சும்மா உதாரணம்."

"உதாரணத்துக்கு ஊர்ல வேற காரே கெடைக்கலையா?"

தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நோலா. இப்போது சமூக மையத்தின் பின்னறையில், பாதாம் தோட்டங்களில் வேலை செய்யும் டோங்கா தீவுகளிலிருந்து வந்த ஆறு பெண்களுக்குச் சம்பளமில்லாமல் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தாள். ஆங்கிலத்தில் ஒரு தொல்லை உண்டு. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால், விட்டுவிடு. ஏன் என்று கேட்டால் பிறந்தது முதல் அதைப் பேசுகிறவர்களுக்கே தெரியாது. வாக்கியமாகப் பழகுவதைத் தவிர வழியில்லை.

ஆனால் பாடப்புத்தகத்து ஜானும் மேரியும் எதை விட்டால் யாருக்கென்ன? மாணவிகள் கொட்டாவி விட்டார்கள். எனவே நோலா, ஊர்க்காரர்களின் பெயர்களைப் போட்டுப் பத்து வாக்கியங்கள் எழுதினாள்.

பிரேக் டவுன்: மார்ஜின் கார் திங்கள்தோறும் நின்றுவிடுகிறது. கிவ் அப்: பேக்கரி ட்ரெவர் சிகரெட்டை விட்டுவிட்டார். டர்ன் அப்: தீயணைப்பு வண்டி கூப்பிட்டவுடன் வந்து நின்றது. டேக் ஆஃப்டர்: ராயின் மகன் அப்படியே தாத்தாவை உரித்து வைத்திருக்கிறான். கெட் ஆன்: ஐலீன் டெஸ்மண்டோடு நன்றாக ஒத்துப்போகிறாள். இப்படிப் பத்து. பத்தும் கற்பனை.

தாள் எப்படி மடலுக்குள் போனது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டும் அச்சாவது மையத்தின் ஒரே நகல் இயந்திரத்தில். அதில் மறந்து வைத்துவிட்டு வந்திருப்பாள்.

"ஒரு அறிவிப்புல சரியாயிடும்" என்றாள் கணவன் கிளிஃபிடம்.

"சும்மா இருந்தா அதுவே அடங்கிடும், நோலா."

"ஊர்க் கடுதாசி மொத்தமும் என் கை வழியாத்தான் போச்சு. எனக்கா தெரியாது இந்த ஊர?"

அன்று மாலையே சூப்பர்மார்க்கெட் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'ஐந்தாம் பக்கத்தில் உள்ள பத்து வாக்கியங்களும் பொய். வருந்துகிறேன். நோலா.'

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஐலீன்.

"அப்ப எனக்கும் என் புருஷன் டெஸுக்கும் ஒத்துப்போகலைங்கற."

"அப்படிச் சொல்லல, ஐலீன்."

"பத்தும் பொய்னு கொட்ட எழுத்துல ஒட்டியிருக்கியே! ரொட்டி வாங்கப் போனா அத்தன பேரும் என்னையே பாக்கறாங்க."

பேக்கரியில் ட்ரெவரின் மனைவி அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. பத்து மணிக்குத் தீயணைப்புக் குழுத் தலைவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"பன்னெண்டு பேரு, சம்பளம் கெடையாது, தட்டுல போட்ட சோத்த விட்டுட்டு ஓடறோம். நாங்க வரோம்கறதே பொய்யா?"

மதியம் டெஸ்மண்ட் வந்தான். ஐலீனின் கணவன் என்பதோடு, சமூக மையத்தின் தலைவனும் அவன்தான். பின்னறைச் சாவி அவனிடம்தான் இருந்தது.

"நேத்து ராத்திரி சோஃபாலதான் படுத்தேன், நோலா. உன் கிளாஸ் தொடரணுமா வேணாமான்னு கமிட்டி யோசிக்குது. அடுத்த மடல் வந்த மறுநாள், வியாழக்கிழமை, நானே நேர்ல வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்."

"அத மூடினா அதுங்க எங்க போகும், டெஸ்? அடுத்த கிளாஸ் நூத்திப்பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கு. ஆறு பேருல ஒருத்திகிட்டயும் கார் இல்ல."

"அத வாக்கியம் எழுதறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

நோலா அசரவில்லை. பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினாள்: 'நல்ல வாக்கியங்கள் எல்லாம் உண்மை. மற்றவை மட்டும் பொய்.'

ஒரு மணி நேரத்தில் ராய் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து நின்றான்.

"என் பையன் எங்கப்பாவ உரிச்சு வெச்சிருக்கான்னு போட்டிருக்க. அது நல்ல வாக்கியமா, கெட்ட வாக்கியமா?"

நோலா ராயின் அப்பாவை நினைத்துப் பார்த்தாள். மூன்று முறை ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நான்கு முறை மதுக்கடையிலிருந்து தூக்கி வெளியே போடப்பட்டவர்.

"அது நீ எடுத்துக்கறதப் பொறுத்து, ராய்."

ராய் தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக டெஸ்மண்ட் வீட்டுக்குப் போனான்.

"இப்பவாவது விட்டுடேன்" என்றான் கிளிஃப்.

"இனிமே எல்லாத்துலயும் என் பேரையே போட்டுடறேன். யாரு கோவிச்சுக்க முடியும்?"

அடுத்த மடலில், திருத்தப்பட்ட தாள் ஐந்தாம் பக்கத்தில் முறையாகவே வந்தது. ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் பெயரை அடித்துவிட்டு நோலா தன் பெயரைப் போட்டிருந்தாள். நோலாவின் கார் திங்கள்தோறும் நின்றது. நோலா சிகரெட்டை விட்டுவிட்டாள். 'கெட் ஆன்' வாக்கியத்தில், நோலா டெஸ்மண்டோடு நன்றாக ஒத்துப்போனாள்.

மண்டூராவில் ஒரு வீட்டில் துக்கம் என்றாலோ, மனைவி விட்டுப் போனாள் என்றாலோ, யாரும் கதவைத் தட்டி விசாரிப்பதில்லை. மூடி போட்ட பாத்திரத்தில் சமைத்த உணவை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். அன்று இருட்டுவதற்குள் கிளிஃபின் வாசலில் மூன்று லசான்யா, இரண்டு இறைச்சிக் குழம்பு, ஒரு மீன் பாஸ்தா.

"நான் போய் எல்லார்கிட்டயும் விளக்கிட்டு வரேன்" என்று நோலா கிளம்பினாள்.

"அவசரமில்ல" என்றான் கிளிஃப், இரண்டாவது லசான்யாவை வெட்டியபடி. "மார்ஜோட ஆப்பிள் புட்டிங் இன்னும் வரல."

வியாழக்கிழமை டெஸ்மண்ட் வகுப்புக்கு வந்தபோது ஐலீனும் கூடவே வந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"நேரா விஷயத்துக்கு வரேன்" என்றான் டெஸ்மண்ட். "இந்தத் தாளால ஊரே ரெண்டுபட்டுக் கெடக்கு. இவங்களாவது இதுல ஏதாச்சும் கத்துக்கிட்டாங்களா?"

நோலா வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையில் லூபே எழுந்தாள். போன மாதம்வரை 'குட் மார்னிங்' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாதவள்.

"திங்கக்கிழம மார்ஜ் காரு எங்க தெருவுல நிஜமாவே பிரேக் டவுன் ஆச்சுங்க. நாங்க நாலு பேரு சேந்து தள்ளினோம். ட்ரெவர் சிகரெட்ட கிவ் அப் பண்ணல, பேக்கரிக்குப் பின்னாடி நின்னு பிடிக்கறாரு. என்கிட்ட யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு."

பக்கத்தில் இருந்தவள் தொடர்ந்தாள். "ராய் என்ன நிறுத்தி, அவங்க அப்பா கதைய முக்கா மணி நேரம் சொன்னாரு. ஐலீன் அம்மா, நீங்களுந்தானே மருந்துக் கடையில எங்கிட்ட அழுதீங்க? டெஸ் மாதிரி நல்ல மனுஷன் கெடையாது, ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாருன்னு."

ஐலீன் கைக்குட்டையை எடுத்தாள். டெஸ்மண்ட் அவளைப் பார்த்தான், பிறகு காலியாக இருந்த நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

"இவ்வளவு இங்கிலீஷ் ஒரே மாசத்துலயா?" என்று கேட்டான்.

"கடைவாசல்ல எங்களத்தான் நிறுத்தி வெச்சுக் கேக்கறாங்க, எது நிஜம், எது பொய்னு. கிளாஸ்ல இருந்தது நாங்கதானே!"

டெஸ்மண்ட் சாவியை மேஜைமேல் வைத்தான். "இந்த வருஷம் பூரா வெச்சுக்கோ, நோலா."

நோலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் அப்பவே சொன்னேன், எல்லாம் சரியாயிடும்னு. பாத்தியா, மறதியா அந்தத் தாள மிஷின்ல விட்டுட்டு வந்ததுகூட நல்லதுக்குத்தான்."

"நீங்க எதையும் மறக்கல, டீச்சர்" என்றாள் லூபே. "மடலுக்கு ஸ்டேப்பிள் போடறது நாங்கதான். நாலு வருஷமா எங்ககிட்ட வாயத் தொறக்காத ஊரு இது, அதான் என் தாளையே காப்பி எடுத்து உள்ள சொருகினேன்."