கொப்பளிக்காத வாய்

தொண்ணூற்றாறில் தியாகராய நகரில் பட்டுப்புடவைக் கடைகளுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் அலைமோதியது ஒரு கார் ஷெட்டில்தான். அங்கே குழல் சித்தர் உட்கார்ந்திருந்தார். வேண்டாதவர்கள் யாரோ சாப்பாட்டில் கலந்து கொடுத்த இடுமருந்து, நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இருமலாய்ப் படுத்துகிறதா? சித்தர் நெஞ்சின்மேல் பித்தளைக் குழலை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். முடி சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றைத் தட்டில் துப்புவார். தோலில் ஓட்டை கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. உருண்டை எந்த வழியாக வந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்பதற்கா ஆட்டோ பிடித்து வந்தார்கள்?

இன்னொரு விசேஷம். உறிஞ்சும் வரை சித்தர் மௌனம். துப்பிய பிறகுதான் அருள்வாக்கு. அப்புறம் திரைக்குப் பின்னால் போய்த் தியானம் செய்துவிட்டு, மறுபடி வாய் திறக்காமல் வருவார். அதைத் தவம் என்றார்கள்.

மயிலாப்பூர் கோமளம் மாமியும் அப்படித்தான் சொன்னாள். அவள் கணவர் சங்கரன், பாங்கு அதிகாரி, இருமி இருமிப் பாதியாய் இளைத்திருந்தார். டாக்டர் சளியும் எக்ஸ்ரேயும் பார்த்து, டி.பி. என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். டி.பி.யா? பெண் ஹம்சினிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டிலா? இடுமருந்து என்றால் கதையே வேறு. யாரோ பொறாமையில் வைத்தது. அதில் ஒரு கௌரவம்கூட இருந்தது. பொறாமைப்படும்படி வாழ்ந்திருக்கிறோம் அல்லவா.

போதாததற்கு, மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் சிறுநீர் சிவப்பாகப் போனது. இங்கிலீஷ் மாத்திரை ரத்தத்தைப் பிழிகிறது என்று சித்தர் அருள, மாமி மாத்திரையை நிறுத்தினாள். சிவப்பும் நின்றது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இருமல் மட்டும் நிற்கவில்லை. உருண்டை வந்தாலும் இடுமருந்தின் வேர் நெஞ்சில் பாக்கி இருக்கிறதாம்.

மாடியில் குடியிருந்த நீரஜா கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள். விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் இறங்கி வந்தாள்.

"மாமி, அந்தச் சிவப்பு மாத்திரையோட சாயம். பாதியில நிறுத்தினா கிருமி தப்பிச்சுக்கும், அப்புறம் அதே மாத்திரைக்கு அடங்காது. மூச்சுக்குழாயோட உள்பக்கம் மெல்லிசா ஒரு செல் வரிசை இருக்கு. தூசி வந்தா கண்ணுக்குத் தெரியாத மயிரால கூட்டி வெளியே தள்ளும். டி.பி. கிருமி வந்தா அடையாளம் கண்டு, எதிர்ப்பு அணுக்களுக்குச் சேதி அனுப்பிக் கூப்பிடும். மாமா உடம்பு உள்ள சண்டை போட்டுட்டிருக்கு. துணைக்குப் போன மாத்திரையைத்தான் நீங்க நிறுத்திட்டீங்க."

"அதான் சித்தரும் சொல்றார், உள்ளே மயிர் இருக்குன்னு" என்றாள் மாமி.

நீரஜா தலையில் கைவைத்துக்கொண்டாள். மாமியிடம் விஞ்ஞானம் செல்லாது. எது செல்லும் என்று யோசித்தாள். அடுத்த தடவை ஷெட்டுக்கு அவளும் கூடவே கிளம்பினாள்.

அன்று சங்கரன் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தார். துருத்திய விலா எலும்புகளை மாமி பார்த்தாள். இந்தத் தடவையும் வேர் வராவிட்டால்? இவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த நேரம் பார்த்து நீரஜா காதோடு கேட்டாள்.

"மாமி, சித்தர் இப்பத்தான் வேற யாரோட நெஞ்சுலயோ குழலை வச்சு உறிஞ்சித் துப்பினார். அதே வாய். எச்சில் இல்லையா?"

மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிற பரம்பரை. சித்தரே ஆனாலும் எச்சில் எச்சில்தான். வெளியில் தண்ணீர் குடிக்காத மாமி, வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாவைத் திறந்து பயபக்தியோடு நீட்டினாள்.

"தப்பா எடுத்துக்கப்படாது. ஒரு வாய் கொப்பளிச்சுட்டு ஆரம்பிங்கோ."

சித்தர் மறுத்துத் தலையாட்டினார். சிஷ்யன் குறுக்கே வந்தான். "இன்னாம்மா நீ, சாமி மௌனத்துல கீது. தொந்தரவு பண்ணிக்கினு."

"கொப்பளிக்கறதுக்குப் பேச வேண்டாமே" என்றாள் நீரஜா.

"அந்தக் குழலை அலம்பினதாவும் நேக்கு ஞாபகமில்லை" என்றாள் பின்வரிசையில் இன்னொரு மாமி.

அவ்வளவுதான். உருண்டை எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்காத கூட்டம், வாய் கொப்பளித்தாரா என்று ஒரே குரலில் கேட்டது.

வேறு வழியில்லாமல் சித்தர் கூஜாவை வாங்கினார். கன்னத்தில் அதக்கி வைத்திருந்ததைத் தண்ணீரோடு விழுங்கிவிடலாம் என்று நினைத்தார் போலும். புரையேறிவிட்டது. கண் பிதுங்கியது. சித்தர் இருமினார், குலுங்கிக் குலுங்கி இருமினார். முடி சுற்றிய கறுப்பு உருண்டை தட்டில் வந்து விழுந்தது. பித்தளைக் குழல் இன்னும் சங்கரன் நெஞ்சைத் தொடவே இல்லை.

கூட்டம் தட்டைப் பார்த்தது, குழலைப் பார்த்தது.

"மாமாவுக்கு வச்ச மருந்து உங்க வாய்க்குள்ள எப்படிப் போச்சு சாமி?" என்றாள் நீரஜா.

சிஷ்யன் செருப்பைக்கூடத் தேடாமல் கம்பி நீட்டினான்.

மறுநாள் டாக்டர் மாமியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, மறுபடி சளியைச் சோதித்து, வைத்தியத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். சிறுநீர் சிவந்தது. மாமி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளறை இருமலை விசாரித்தபோது, "எங்காத்துக்காரருக்கு டி.பி.தான். மாத்திரை சாப்பிடறார், குணமாயிண்டு வரது" என்றாள் நேராக. வந்தவர்களில் பாதிப்பேர் காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார்கள். மாமி அதைச் சூடுபண்ணித் திரும்பவும் கொண்டுவந்து வைத்தாள்.

ஷெட்டிலிருந்து கலைந்த கூட்டமும் சும்மா இருக்கவில்லை. ஆதம்பாக்கத்தில் ஒருவர் நன்றாகக் கொப்பளித்துவிட்டே உறிஞ்சுகிறாராம். சிலர் விலாசம் விசாரித்துக்கொண்டு போனார்கள்.

மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு மூளை கிடையாது. ஆகாதது நுழைந்தால் அதுகூட அடையாளம் கண்டு கூப்பாடு போடுகிறது. ஆள் சித்தரா சங்கரனா என்று பார்ப்பதில்லை. அதற்கு ஒரு சாண் மேலே மூளையையே வைத்துக்கொண்டிருக்கிறோம். கண்டதை விழுங்கும்போது அதற்கும் ஒரு தடவையாவது இருமல் வரட்டுமே.