முதலாளியின் பேரன்

"கண் தெரியாதோ உனக்கு? கழுதை வயசாச்சு, ஒரு பெட்டி ஒழுங்காய்த் தூக்கத் தெரியேல்லை!"

களஞ்சிய மேற்பார்வையாளர் ஸ்ரீஸ்கந்தராசா கத்தி முடித்த பிறகுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார். ஜெரோம் லிம். உடனே பெட்டியைத் தானே வாங்கி அடுக்கினார்.

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் உள்ள அந்த நூடில்ஸ் களஞ்சியமே லிம் குடும்பத்தினுடையது. மணிலாவிலிருந்து வந்த சீனக் குடும்பம். முதலாளி லிம்முக்கு எழுபத்தெட்டு வயது. போன மாதம்தான் வேலையாட்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"மணிலாவிலிருந்து என் பேரன் வருவான். எங்கள் குடும்ப வழக்கப்படி பெட்டி தூக்குவதிலிருந்து தொடங்குவான். யாரென்று சொல்லமாட்டேன். யாரும் சலுகை காட்டவும் கூடாது. பிறகு எல்லாம் அவன் பொறுப்பு."

'எல்லாம்' என்பதில் மிசிசாகாவில் திறக்கப்போகும் புதுக் கிளையும் அடக்கம். அதன் மனேஜர் வேலையில் ஸ்ரீஸ்கந்தராசா ஒரு வருடமாகக் கண் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடம் குளிர் அறை வாசலில் நின்று கால் விறைத்த மனிதர், ஜன்னலும் ஹீற்றரும் உள்ள ஓர் அறைக்கு ஆசைப்படுவதில் என்ன பிழை? அந்த ஆசையின் மேல்தான் இப்போது தானே பெட்டியைப் போட்டு உடைத்துவிட்டார்.

அன்று மாலை மனைவி தவமணியிடம் சொன்னார்.

"முதலாளியின்ர பேரனைக் கழுதை எண்டு ஏசிப்போட்டனப்பா."

"பெயரைக் கேட்டிட்டு ஏசியிருக்கலாமே?"

"ஆரும் பெயர் கேட்டிட்டோ ஏசிறது?"

"சரி, விடுங்கோ. நாளைக்கு மட்டன் றோல்ஸ் தாறன். கொண்டுபோய்க் குடுங்கோ. சாப்பிட்டவன் கோவிக்கமாட்டான்."

றோல்ஸ் நன்றாகத்தான் வேலை செய்தது. ஜெரோம் மூன்று சாப்பிட்டான். "குயா ஸ்ரீ, உங்கள் வீட்டில் தினமும் இப்படியா?" என்று கேட்டான். குயா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணை. வருங்கால முதலாளி அண்ணை என்று கூப்பிட்டதில் ஸ்ரீஸ்கந்தராசா உருகிப்போனார். அன்றே அவனைப் பெட்டி தூக்குவதிலிருந்து எடுத்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, லேபல் ஒட்டும் வேலை கொடுத்தார்.

ஜெரோம் நல்ல பெடியன். ஆனால் சூடான இடத்தில், மூன்று றோல்ஸ் வயிற்றில் இருக்க, யாருக்குத்தான் கண் சொருகாது? சென் ஜேம்ஸ் ரவுண் கடைக்குப் போகவேண்டிய நாற்பது பெட்டி மீன் உருண்டை, லேபல் மாறி மிசிசாகாவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

சைவக் கடைக்காரர் போனில் கத்தினார். "என்ர பிழை, என்ர பிழை" என்று ஸ்ரீஸ்கந்தராசா ஏற்றுக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு பிழையை ஏற்றுக்கொண்டதை யாரும் கண்டதில்லை. களஞ்சியமே வாயைப் பிளந்தது.

பெட்டி தூக்குகிறவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, ஜெரோமின் பங்குப் பெட்டிகளை ஸ்ரீஸ்கந்தராசா தானே தூக்கினார். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜெரோமுக்கு மனம் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் அவனே அவருடைய காரை ஓட்டி மிசிசாகாவில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். வந்தவனைத் தவமணி விடவில்லை. அன்று மகள் அட்சயாவின் பிறந்தநாள்.

"அம்மா அப்பா எங்க இருக்கினம் தம்பி?" என்று தவமணி கேட்க, அட்சயா இங்கிலீசில் மாற்றிச் சொன்னாள்.

"இந்த நாட்டில்தான், வின்னிப்பெக்கில்," என்றான் ஜெரோம்.

ஸ்ரீஸ்கந்தராசா மனைவியின் காதுக்குள் குனிந்தார். "பார்த்தியே, மணிலாவை மறைச்சு என்ன வடிவாய்ப் பொய் சொல்லப் பழக்கியிருக்கினம்!"

அட்சயா விமான நிலையத்தில் வேலை செய்பவள். அவளும் ஜெரோமும் ஹொக்கி பற்றிச் சண்டை பிடித்தார்கள். கேக் வெட்டினார்கள். அட்சயாவையும் ஜெரோமையும் நடுவில் விட்டு நால்வருமாகப் படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தை ஸ்ரீஸ்கந்தராசா சும்மா வைத்திருப்பாரா? களஞ்சியத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது வழக்கம். மறுநாள் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து, முதலில் ஜெரோமின் தட்டில் நூடில்ஸ் போட்டார். பிறகுதான் முதலாளியின் தட்டில். பிறகு போனைத் திறந்து, போகிற போக்கில் காட்டுவதுபோல முதலாளிக்குப் படத்தைக் காட்டினார். பேரன் எவ்வளவு நல்ல இடத்தில் இருக்கிறான் என்று கிழவருக்குத் தெரியட்டும்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். ஜெரோமைப் பார்த்தார்.

"ஸ்ரீ, இந்தப் பையன் உனக்கு என்ன முறை?"

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வியர்த்தது. சோதிக்கிறார்! 'ஒரு முறையும் இல்லை' என்றால் பேரன் முகம் வாடும். 'உங்கள் பேரன் என்று எனக்குத் தெரியும்' என்றால் ரகசியம் உடைந்துவிடும். யோசித்து, மெல்லக் கண்ணைச் சிமிட்டிச் சொன்னார்.

"எங்கள் வீட்டுப் பிள்ளைதான், சேர். உங்களுக்கு விளங்கும்தானே."

முதலாளி வெடித்துச் சிரித்தார். ஸ்ரீஸ்கந்தராசாவின் முதுகில் தட்டி, தன் தட்டில் இருந்த இறைச்சி பணிஸைத் தூக்கி அவருக்குக் கொடுத்தார். ஸ்ரீஸ்கந்தராசா அன்று வீட்டுக்குப் போய் மிசிசாகா அறைக்கு என்ன நிறத் திரைச்சீலை போடலாம் என்று தவமணியிடம் கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே மேசையில் முதலாளி எழுந்து நின்றார்.

"மூத்தவர்கள் வழிவிட்டால்தான் இளையவர்கள் வளர்வார்கள். மிசிசாகா கிளையின் மனேஜர், ஜெரோம்!"

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் ஸ்ரீஸ்கந்தராசாதான். பேரன் முன்னால் வந்துவிட்டான், இனி அவன் தன்னையும் கூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி. சந்தோஷம் தாங்காமல், அலுவலகத்தில் வேலை செய்யும் மன்னார்ப் பெண் வேரோனிக்காவிடம் போனார்.

"கண்டனீரே பிள்ளை, முதலாளி கடைசியில பேரனை வெளியில காட்டிட்டார்!"

"பேரனோ? அவர் வரேல்லை அண்ணை. குளிருக்குப் பயந்து மணிலாவிலயே நிண்டிட்டார்."

"அப்ப உவன் ஆர்?"

"ஜெரோமோ? வின்னிப்பெக் பெடியன். லிம் எண்டு ரொறன்ரோவில தெருவுக்கு நாலு பேர் இருக்கினம்."

ஸ்ரீஸ்கந்தராசா திரும்பி ஜெரோமைப் பார்த்தார்.

"பிறகேன் உவனுக்கு மிசிசாகாவைக் குடுத்தவர்?"

வேரோனிக்கா வெட்கமும் சிரிப்புமாக அவரைப் பார்த்தாள்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை, உங்களுக்கெண்டு வைச்சிருந்த இடத்தை உங்கட வருங்கால மருமகனுக்குத்தானே குடுத்தவர், கலியாணம் எப்ப எண்டு கேக்கச் சொன்னவர்!"