பத்து நிமிடம் கழித்து வந்த கெட்டிமேளம்

தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சொந்த வீட்டு விசேஷத்தில் செய்து காட்ட ஆசைப்படக் கூடாது. நான் ஆசைப்பட்டேன்.

தென்னூரில் என் தங்கை கல்பனாவுக்கு நிச்சயதார்த்தம். கம்ப்யூட்டர் இசைக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். (அப்பாவின் பாஷையில், "சும்மா இருக்கான்.") ஹாலின் மூன்று மூலைகளில் மூன்று லேப்டாப், தட்டு மாற்றும்போது மூன்றும் ஒரே நொடியில் கெட்டிமேளம் கொட்டும் என்று அளந்துவிட்டேன்.

"உன்னை நம்பி மேளக்காரங்களை வேண்டாம்னுட்டேன். மானத்தை வாங்கிடாதே," என்றார் அப்பா. அவர் என்னை நம்பியது அதுதான் முதல் தடவை.

வைஃபையில் அனுப்பும் செய்தி ஒவ்வொரு லேப்டாப்புக்கும் முன்னே பின்னே போய்ச் சேரும். அதனால் கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல, செய்திக்குள்ளேயே முகூர்த்த நேரத்தையும் போட்டுவிட வேண்டும். பத்திரிகை என்றைக்குக் கிடைத்தாலும் எல்லோரும் முகூர்த்தத்துக்கு வந்துவிடுவார்கள் அல்லவா? என் லேப்டாப் அன்று காலையில் கண்ணை மூடிவிட்டதால், செய்தி அனுப்ப அப்பாவுடையதை எடுத்துக்கொண்டேன்.

தட்டு மாற்றினார்கள். பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. வயரை ஆட்டிப் பார்த்து, சாமியை வேண்டிக்கொண்டு, விட்டுவிட்டு ஏழு முறை அழுத்தினேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா கைதட்டிச் சமாளித்தாள்.

பிறகு கல்யாணப் பேச்சு. புத்தூரில் மண்டபம் பார்த்திருப்பதாக அப்பா சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஸ்ரீரங்கத்துக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேளம்கூட இல்லாம நிச்சயம் பண்றீங்க. உங்களை நம்பி எப்படிங்க? கல்யாணத்தை ஸ்ரீரங்கத்துல நாங்களே நடத்திக்கிறோம். இல்லேன்னா..."

கல்பனாவின் முகம் வெளுத்தது. என்னால்தான் அவள் கல்யாணம் கெடப்போகிறது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கொட்டியது பாருங்கள், மூன்று மூலையிலும், ஒரே நொடியில், பிசகாமல்.

அபசகுனமான பேச்சு காதில் விழாமலிருக்கத்தான் கெட்டிமேளம் என்பார்கள். பெரியப்பா பொறுமையாகக் காத்திருந்து, "அதாவதுங்க, இல்லேன்னா..." என்றார். மறுபடியும் மேளம். நான்காவது முறை, மூலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். ஐந்தாவது மேளத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரிங்க, புத்தூர்லயே வெச்சுக்குவோம். முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க."

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்குங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் விஷயம் விளங்கியது. பஸ் நமக்காக நிற்காது என்று வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் பத்து நிமிடம் முன்னால் வைத்திருப்பவர் அப்பா. லேப்டாப்பையும் விட்டுவைக்கவில்லை. அதன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்ததால், அதிலிருந்து போன செய்திகளில் முகூர்த்தமும் பத்து நிமிடம் தள்ளிப்போயிருந்தது. மற்ற மூன்றும் பொறுப்பாக அதுவரை காத்திருந்திருக்கின்றன.

கல்பனாவுக்குப் புத்தூரில் ஜாம்ஜாமென்று கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் இன்றுவரை "இல்லேன்னா" என்று ஆரம்பித்து யாராலும் முடிக்க முடிவதில்லை. உடனே யாராவது மேஜையில் கொட்டுவார்கள்.

பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், அப்பா இப்போதெல்லாம் "சும்மா இருக்கான்" என்பதில்லை.

"கம்ப்யூட்டர்ல மேளம் வாசிக்கிறான்ங்க. என்ன, பத்து நிமிஷம் முன்னாடியே சொல்லிடணும்."