பதினான்கு நோட்டீஸும் அரை ஏக்கர் கத்தரியும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா என்று நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நேற்று கோர்ட்டுக்குப் போய்வந்தேன். அப்படியும் சுகமாகத்தான் இருக்கிறேன்.

வாய்க்கால் ஓரம் நாங்கள் கத்தரி போட்டிருக்கும் அரை ஏக்கர் அரசாங்க நிலம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். காலி செய்யச் சொல்லி வருஷம் தவறாமல் நோட்டீஸ் வரும். உன் அத்தான் வருஷம் தவறாமல் இரண்டு நாள் காய்ச்சலில் படுப்பார். பிறகு எழுந்து களையெடுக்கப் போவார். இந்த வருஷம் புல்டோசரும் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் காய்ச்சல் நான்கு நாளானது. கத்தரி போனால் அடுப்பும் போச்சு என்று நான்தான் வக்கீலைப் பிடித்தேன். கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்த வேகத்தில், "ஐயா, இவங்க போன மாசம்தான் வந்து வேலி போட்டாங்க. அதுவரைக்கும் அங்க வெறும் முள்ளுதான்" என்று ஒரே போடாகப் போட்டார். "பல வருஷமா பயிர் பண்றீங்கன்னு என்ன ஆதாரம் இருக்கு?" என்று நீதிபதி கேட்டார். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார், நான் உன் அத்தானைப் பார்த்தேன், அவர் மின்விசிறியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மதியம்வரை நேரம் கேட்டு வீட்டுக்கு ஓடி, சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்த தாள்களை உருவிக்கொண்டு வந்தேன். பதினான்கு நோட்டீஸ்! அரசாங்கத் தாள் கெட்டியாயிற்றே, வீணாக்குவானேன் என்று வருஷா வருஷம் விரித்தது. நீதிபதி எண்ணெய்க் கறையில் விரல் படாமல் ஒவ்வொன்றாகப் படித்தார். "தாங்கள் பயிரிட்டுள்ள கத்தரியை உடனே அகற்றவும்." அடுத்த வருஷம் வெண்டை. அதற்கடுத்தது மிளகாய். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னங்க இது? போன மாசம் வந்தவங்களுக்குப் பதினாலு வருஷமா நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்க!"

அரசு வக்கீல் தண்ணீர் குடித்தார். நிலத்தை அளந்து அறிக்கை தரும்வரை யாரும் செடியில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. வெளியே வந்ததும் உன் அத்தான், "கண்ணுல தூசி" என்று துண்டால் துடைத்துக்கொண்டார். காற்றே அடிக்கவில்லை.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, நோட்டீஸ் வாங்காத பிழைப்பாகப் பிழைக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயித்த அக்கா

பின்குறிப்பு: இதை மூன்று நாளாகத் தபாலில் போடாததும் நல்லதாயிற்று. இன்று காலை சர்வேயர் வந்து இரண்டு முறை அளந்துவிட்டு, "அம்மா, இது அரசாங்க நிலமே இல்ல. எல்லைக்கல்லைத் தப்பா நட்டிருக்காங்க. இது பக்கத்துப் பட்டாவுல வருது" என்றார். பக்கத்துப் பட்டா, அப்பா உனக்கு எழுதிவைத்த தரிசு. ஆக, இத்தனை வருஷமாக நான் ஆக்கிரமித்திருந்தது உன்னைத்தானடா. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை, வக்கீலோடு வராதே.