குட்டைக்கொம்பர் சுப்பராமனின் ஞாயிற்றுக்கிழமை

கொம்புள்ள ஜீவராசிகளில் மிகவும் பரிதாபமானதும் அதே சமயம் மிகவும் தொல்லை கொடுப்பதும் குட்டைக்கொம்பர் என்கிற இனம். விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. பசுமலையில் பேராசிரியர் ராஜகுருவின் மாடி அறையில், பழைய டேபிள் டென்னிஸ் மேஜைமேல் பச்சைத் துணி விரித்து ஞாயிறுதோறும் நடக்கும் பொம்மைப் போரில் பார்க்கலாம். கட்டைவிரல் உயரப் பொம்மைகள். ஒரு பக்கம் மனிதப் படை, மறு பக்கம் பாதி ஆடும் பாதி ஆளுமான காட்டுப் படை. பகடையை உருட்டி, டேப் வைத்து அளந்து, அங்குலம் அங்குலமாகச் சண்டை போடுவார்கள். ஆடுகிறவர்கள் யாருக்கும் வயது நாற்பதுக்குக் குறையாது.

காட்டுப் படையிலும் மேல் கீழ் உண்டு. அது இல்லாமல் எப்படி? ஆட்டுத் தலையும் முறுக்கிய கொம்புமாக நிற்பவர்கள் பெருங்கொம்பர்கள். மனித மூஞ்சியும் நெற்றியில் சுண்டைக்காய் அளவுக்கு இரண்டு முளையும் உள்ளவர்கள் குட்டைக்கொம்பர்கள். விறகு சுமப்பது, முகாமைக் கூட்டுவது, சண்டை என்று வந்தால் எதிரியிடம் அம்பு தீரும்வரை முன்னால் நின்று சாவது, இவ்வளவுதான் இவர்கள் உத்தியோகம். பெருங்கொம்பர் உதைத்தால் பணிவோடு வாங்கிக்கொள்வார்கள். வாங்கியதைக் கையிலேயே வைத்திருப்பார்களா? சுண்டைக்காயிலும் சின்னக் கொம்புள்ளவன் எவனாவது இருக்கிறானா என்று தேடிப் போய்ப் பட்டுவாடா செய்துவிட்டுத்தான் தூங்குவார்கள்.

பொம்மைக்குத்தானே இந்தக் குணம் என்கிறீர்களா? சுப்பராமனை வந்து பாருங்கள்.

சுப்பராமன் மகால் பக்கத்து ஆள். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப்புடவைத் தளத்துக்கு உதவி மேனேஜர். முதலாளியின் கார் வாசலில் வந்து நிற்கும்போதே இரண்டாவது மாடியில் இவருடைய முதுகு வளையத் தொடங்கிவிடும், கார் கிளம்பிய அடுத்த நிமிடம் நிமிர்ந்து, கைக்கு எட்டிய விற்பனைப் பெண்ணிடம், "இதுவா மடிப்பு? இம்புட்டுக் கசங்கலா?" என்று பாய்வார். காளவாசல் சிக்னலில் காருக்கு ஒதுங்குவார், சைக்கிளுக்கு ஹாரன் அடிப்பார். கோயிலில் நூறு ரூபாய் வரிசையில் நின்றுகொண்டு இலவச வரிசையை இரக்கத்தோடு பார்ப்பார். வரிசையே இல்லாமல் உள்ளே போகிறவரைக் கண்டால், சாமிக்கு வைத்திருந்த கும்பிடை அவருக்குப் போட்டுவிடுவார். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் உட்காரலாம், யாருக்குப் பக்கத்தில் கூடாது என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பாயசம் தீர்ந்துவிடும்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்த மாடி அறையில் ஒரு வழக்கம். புதிதாக வருபவர் குட்டைக்கொம்பர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். என்றைக்கு எதிரியின் கொடியைத் தன் கையால் எடுக்கிறாரோ அன்றைக்குப் பெருங்கொம்பர் பெட்டி அவருக்கு. மேஜையின் தலைமாட்டில் ராஜகுருவுக்குச் சமமாகக் கைவைத்த நாற்காலியும் உண்டு. மற்றவர்களுக்கு ஸ்டூல். தனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் நாற்காலிக்குப் போய்ச் சேர, சுப்பராமன் மட்டும் வருடக்கணக்காக ஸ்டூலில் இருந்தார். கடையில் எப்படியும் உதவி மேனேஜராகத்தான் ஓய்வு பெறப் போகிறோம், இங்கேயாவது ஒரு நாற்காலி கிடைக்காதா என்று அவர் உண்மையாகவே ஏங்கினார். சிரிக்காதீர்கள். அந்த ஏக்கத்தில் அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த நாள்கள் உண்டு. "ஆட்டுப் பொம்மைக்கா இம்புட்டுக் கவலை?" என்று மனைவி ஜானு கேட்டாள். இதைத் தவிர வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் அவள் சொன்னது அச்சுக்கு ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இசைவாணி வந்தாள். உசிலம்பட்டிப் பக்கம் கால்நடை மருத்துவர். ஒரு குட்டைக்கொம்பரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது வெள்ளாடாண்ணே, செம்மறியா?" என்று கேட்டாள். ராஜகுரு அவளைச் சுப்பராமனின் கீழ் பயிற்சிக்கு விட்டார்.

கீழ்! சுப்பராமனுக்குக் கீழே ஒரு ஆள்! அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. சாயம் பூசாத நான்கு பொம்மைகளை எடுத்து அவளிடம் தள்ளினார்.

"இந்தா பாப்பா, இதுகளை அந்த ஓரமா நிப்பாட்டிக்க. நான் சொல்லாம எதையும் நகட்டக் கூடாது. பெரியவங்க ஆடுறதப் பாத்துக் கத்துக்க."

"சரிண்ணே."

அன்று பகடை சுப்பராமன் பக்கம் இருந்தது. கடைசிச் சுற்று வந்தபோது மனிதப் படையின் கொடி காவலுக்கு ஆளில்லாமல் நின்றது. சுப்பராமனின் பன்னிரண்டு குட்டைக்கொம்பர்களும் கொடிக்கு எதிரே நின்றார்கள். நடுவில் ஒரு புதர்கூட இல்லை. அதே நேரத்தில் மேஜையின் மறுகோடியில் ராஜகுருவின் பெருங்கொம்பர் தலைவன் எதிரிகளிடம் வசமாகச் சிக்கியிருந்தான்.

மனிதப் படையை ஆடிய நல்லகாமனுக்கே மனசு கேட்கவில்லை. "அண்ணே, அந்தா நிக்குது கொடி. எடுத்தா இன்னைக்கு நாற்காலி உங்களுக்கு."

சுப்பராமன் கையை நீட்டினார்.

ராஜகுரு லேசாகத் தொண்டையைச் செருமினார்.

அவ்வளவுதான். நீட்டிய கை திரும்பியது. பன்னிரண்டு பேரையும் அப்படியே வழித்துக்கொண்டு போய்த் தலைவனுக்கு முன்னால் அரண் கட்டினார் சுப்பராமன். நல்லகாமன் பகடையை உருட்டினான். பன்னிரண்டும் காலி. மறுபடி உருட்டினான். தலைவனும் காலி.

அப்போது இசைவாணி தன் ஓரத்திலிருந்து நான்கு சாயமில்லாத பொம்மைகளை டேப் வைத்து அளந்து நகர்த்திக் கொடியை எடுத்துவிட்டாள். "யாரும் இல்லியே, அதான் போனேன். போகலாம்லண்ணே?" என்றாள்.

நல்லகாமன் கைதட்டினான். ராஜகுரு வேண்டா வெறுப்பாகப் பெருங்கொம்பர் பெட்டியை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

"அண்ணே, நீங்களே எடுத்திருக்கலாம்ல?" என்று இசைவாணி நிஜமான வருத்தத்தோடு கேட்டாள்.

"ராஜகுரு அண்ணன் அங்க தனியா நின்னாரும்மா."

விசுவாசம் என்று நினைத்து உருகிவிடாதீர்கள். கொடியை எடுத்திருந்தால் ஜெயித்திருப்பார், சரி. ஜெயித்துவிட்டு யார் முகத்தைப் பார்த்து, "நல்லா செஞ்சேனாண்ணே?" என்று கேட்பது? மேலே யாருமே இல்லாத இடத்தைக் கற்பனை செய்ததும் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. அதுதான் நடந்தது. ஆனாலும் இனி அந்த நாற்காலி தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாம் கொஞ்சம் வருத்தப்படலாம் என்று நினைப்பதற்குள் மனிதர் எழுந்தார், கைவைத்த நாற்காலியைக் கர்ச்சீப்பால் துடைத்தார், இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம்."

"மாப்ள, டீக்குச் சொல்லிட்டியா?" என்றார் ராஜகுரு, சுப்பராமன் முகத்தைப் பார்க்காமலே.

"இந்தா, போறேண்ணே!"

என்ன உற்சாகம்! இரண்டிரண்டு படியாக இறங்கினார். பாதியிலேயே வாட்ச்மேன் சோலை டீ பிளாஸ்க்கோடு ஏறி வந்துகொண்டிருந்தார். சுப்பராமன் அங்கேயே நின்று நிமிர்ந்தார். "எம்புட்டு நேரம்யா? பெரியவங்க காத்துக்கிட்டு இருக்கிறது தெரியல?" சோலை, "சரிங்க சார்" என்று பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டுக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில், சைக்கிளைக் கேட்டுக்குள் நிறுத்தியதற்காகக் கீரை விற்கும் அம்மாவை அவர் திட்டுவது மாடிவரை கேட்டது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் யாராவது ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். உங்கள் ஆபீஸ் ஜூனியரோ, தங்கை வீட்டுக்காரரோ. அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்று போனைக் கையில் எடுத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அப்படியே உங்கள் மேலதிகாரிக்கும் அனுப்பலாமா என்று ஒரு நொடி யோசித்து, எதற்கு வம்பு என்று விரலை இழுத்துக்கொண்டீர்கள், இல்லையா? இப்போது நெற்றியில் இரண்டு இடத்தில் லேசாக அரிக்கும். சொறிந்துவிடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடப் போகிறார்.